தின்னக் கூடாத பசை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரரைக் கேட்டால் இன்னும் விரிவாகச் சொல்வார். பால்வாடி டீச்சருக்குப் பொறுமை வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருபத்திரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் "டீச்சர், மூத்திரம்" என்று எழுந்து நிற்கும்போது அந்தப் பொறுமையை எந்தக் கடையில் வாங்குவது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

என் பால்வாடி திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில், பஸ்ஸில் இருபது நிமிடம். பலகையில் அங்கன்வாடி மையம் என்று எழுதியிருக்கும். ஊரில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, வாசலில் ஒரு வேப்பமரம், நான், ஆயா. ஆயா என்றால் கிழவி இல்லை. சமைப்பது, பெருக்குவது, காலையில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பிடித்து வருவது எல்லாம் செய்கிற உதவியாளருக்கு எங்கள் வேலையில் அதுதான் பெயர். என்னைவிட நாலு வயது மூத்தவர், அவ்வளவுதான். நான் கத்தினால் சிரிப்பார். அதனால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் விழுப்புரத்தில் எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். காகிதத்தில் கைவேலை. விசிறி, வளையச் சங்கிலி, காற்றாடி, கிரீடம், தவளை. எல்லோருடைய தவளையும் மேசைமேல் தத்திப் போயிற்று. என்னுடையது படுத்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த டீச்சர், "அது சாப்டுட்டுத் தூங்குது, உடுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பயிற்சி கொடுத்த அம்மா சொன்னதில் இரண்டுதான் என் மண்டையில் நின்றன. சின்னப் பிள்ளைகளுக்குக் கத்தரிக்கோல் வேண்டாம், கையால் கிழிக்க விடுங்கள், கிழிப்பதும் வேலைதான் என்றது ஒன்று. கடைப் பசை வேண்டாம், எப்படியும் வாயில் வைப்பார்கள், மைதாவைக் காய்ச்சிக் கொடுங்கள் என்றது இன்னொன்று. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த கடையில் ஐந்து நிறத்தில் தாள் வாங்கிக்கொண்டு பால்வாடிக்கு வந்து சேர்ந்தேன்.

பிள்ளைகளுக்குக் கிழிப்பது பிடித்த மாதிரி வேறொன்றும் பிடித்து நான் பார்த்ததில்லை. வீட்டில் எதைக் கிழித்தாலும் முதுகில் விழும். இங்கே டீச்சரே தாளைக் கையில் கொடுத்துக் கிழி என்கிறாள். முதல் நாள் அவர்களால் நம்ப முடியவில்லை. ஒருத்தன் தாளைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தான். "மெய்யாலுமா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு ஓரத்தில் ஒரு விரல் அளவு கிழித்தான். அறை முழுக்கச் சர் சர்ரென்று ஒரே சத்தம். பட்டை பட்டையாகக் கிழித்ததை வளைத்து ஒட்டினால் வளையம். அதற்குள் இன்னொரு பட்டையை விட்டு ஒட்டினால் சங்கிலி. வளையம் கழுத்துக்குப் போயிற்று, காதுக்குப் போயிற்று, வெளியே படுத்திருந்த நாயின் வாலுக்கும் போயிற்று. நாய் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் வரவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. மூன்றரை வயது. சாப்பிட மாட்டாள். சோறு, முட்டை, கஞ்சி, எதைக் கொண்டுபோனாலும் வாய் பூட்டிக்கொள்ளும். அடம் இல்லை, அழுகை இல்லை. உதட்டை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு நம்மைப் பார்ப்பாள், அவ்வளவுதான். எடை பார்த்துக் குறிக்கிற அட்டையில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மூன்று பட்டை இருக்கும். பச்சை என்றால் நலம். மஞ்சள் என்றால் கவனம். அவள் ஆரஞ்சில் இருந்தாள். டாக்டர் சோதித்துப் பார்த்து, நோய் ஒன்றும் இல்லை, உள்ளே போனால் சரியாகிவிடும் என்றார். மாசி கழிந்து பங்குனியில் எடை பார்க்கும்போதும் ஆரஞ்சிலேயே இருந்தால் விழுப்புரம் கொண்டுபோய்ப் பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

அவளுடைய அம்மாவுக்கு அதுதான் இடி. கையில் பால் குடிக்கிற இன்னொன்று இருந்தது. மல்லாட்டை பிடுங்குகிற நேரம் வேறு; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். புருஷன் திண்டிவனத்தில் மூட்டை தூக்கப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான்.

"பதினஞ்சு நாளு அங்க போய்க் குந்திக்கினா இதையும் தூக்கிக்கினுதான் போவணும். பெரியவன ஸ்கூலுக்கு யாரு அனுப்புவா? எனக்கு யாருங்க டீச்சர் கீறாங்க?" என்றாள்.

அன்றைக்குச் சத்துமாவுக் கஞ்சி டம்ளரோடு அந்தக் குட்டியின் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். காக்கா கதை சொன்னேன். கெஞ்சினேன். கடைசியில் கத்தினேன். டம்ளர் அப்படியே நின்றது. நான் போய்ப் பின்பக்கம் முகம் கழுவினேன்.

ஆனால் கைவேலை என்றால் அவள் வேறு ஆள். என்னைவிட நேராகக் கிழிப்பாள். மஞ்சள் தாளை யாரையும் தொட விடமாட்டாள். பட்டையைச் சுற்றி, பசையைத் தடவி, மனசுக்குள் எதையோ எண்ணிக்கொண்டு அழுத்திப் பிடிப்பாள். பேச்சே கிடையாது. கை மட்டும் ஓடும்.

ஒரு வியாழக்கிழமை சன்னலிலிருந்து கதவு வரைக்கும் சங்கிலி கட்டித் தொங்கவிட்டுவிட்டு பஸ் பிடித்தேன். மறுநாள் காலை வந்து பார்த்தால் வாசற்படியிலிருந்து சுவர் ஏறி, சன்னல் கம்பியைச் சுற்றி, சங்கிலி நெடுக எறும்பு. பிள்ளைகள் அத்தனை பேரும் தரையில் குப்புறப் படுத்து, "எறும்பு ரயிலு! எறும்பு ரயிலு!" என்று கூவிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் நீல வளையத்தை எறும்பு வரிசைக்கு மேலே சுரங்கப்பாதையாக வைத்துவிட்டு, அடுத்த ஸ்டேஷன் விழுப்புரம் ஜங்ஷன் என்று அறிவித்தான்.

எனக்கு உச்சந்தலை சுட்டது. "ஆயா! மைதாவில் சர்க்கரை போட்டாயா?" என்று கத்தினேன். கோபத்தில் 'ங்க' எல்லாம் ஓடிவிடும்.

ஆயா தலையைச் சொறிந்தார். "மைதா தீந்துபோச்சு டீச்சர். சத்துமாவுக் கஞ்சி ஒரு டம்ளரு அப்பிடியே நின்னுது. கீழ ஊத்த மனசு வர்ல. கெட்டியா கிளறி, கொட்டாங்கச்சில ஊத்திக் குடுத்துட்டேன். அதுல வெல்லம் கீதுன்னு எனக்கு அப்பத் தோணல. நல்லாத்தான ஒட்டிச்சு?"

"யார் டம்ளர்?"

"வேற யாரு டம்ளரு இங்க நிக்கும்?"

பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலி போட்டு ஏறினேன், சங்கிலியை அவிழ்த்து எறிவதற்கு. அப்போதுதான் பார்த்தேன். சங்கிலி நடுவில் அறுந்து கிடந்தது. மஞ்சள் வளையங்கள் மட்டும் வாய் பிளந்து தரையில் விழுந்திருந்தன. ஒன்றிலும் எறும்பு இல்லை. பக்கத்தில் சிவப்பு வளையத்தில் எறும்பு மொய்க்கிறது, மஞ்சளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். பசை தடவிய இடம் சுத்தமாக, சுருங்கிக் காய்ந்திருந்தது. எச்சில் பட்டுக் காய்ந்த காகிதம் எப்படி இருக்கும் என்று பால்வாடி டீச்சருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆயாவிடம் வளையத்தை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், மூலையில் உட்கார்ந்திருந்த குட்டியைப் பார்த்தார். "அடியாத்தே, நக்கிட்டிருக்குது" என்றார் மெதுவாக.

வேண்டாம் என்று ஒதுக்கிய கஞ்சியைத்தான், பசை என்று நினைத்துத் தின்றிருக்கிறாள்.

உடனே புதிதாகக் கஞ்சி கரைத்து டம்ளரில் கொண்டுபோனோம். பூட்டு. ஸ்பூனில் கொடுத்தோம். பூட்டு. அதையே கொட்டாங்கச்சியில் ஊற்றி, நாலு மஞ்சள் பட்டையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, நானும் ஆயாவும் ரிஜிஸ்டர் பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டோம். ஒரு பட்டை ஒட்டினாள். இன்னொன்று. அப்புறம் விரலை மெல்ல வாய்க்குக் கொண்டுபோனாள்.

பதினாறு வருஷப் பழக்கம். வாய் தானாகத் திறந்துவிட்டது. "ஏய்! பசைய துன்னாத!"

ஆயா என் கையில் நறுக்கென்று கிள்ளினார். போச்சு, கெடுத்தேன் என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அந்தக் குட்டி என்னை நேராகப் பார்த்தாள். விரலை இன்னும் ஆழமாகக் கொட்டாங்கச்சிக்குள் விட்டாள். வாய் நிறைய வைத்தாள். சிரித்தாள். அவளுக்கு முன்பற்கள் இவ்வளவு அழகாக வரிசையாக இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"டீச்சர்" என்று ஆயா காதில் சொன்னார், "திட்டுங்க. நிறுத்தாதீங்க. ஆனா கொட்டாங்கச்சிய மட்டும் புடுங்காதீங்க."

அன்றிலிருந்து திட்டுவதே என் வேலையானது. காலையில் ஒரு கொட்டாங்கச்சி, மத்தியானம் ஒன்று. கிண்ணம் கூடாது. கஞ்சி என்ற சொல் வாயில் வரவே கூடாது. பக்கத்தில் காகிதம் இருக்க வேண்டும், அவள் கை அதில் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். மிக முக்கியமாக, நான் இடுப்பில் கை வைத்து, விரலை ஆட்டி, கண்ணை உருட்டித் திட்ட வேண்டும். ஒரு நாள் பயிற்சிப் புத்தகத்தில் சொன்னபடி குழந்தையிடம் மென்மையாகப் பேசிப் பார்ப்போமே என்று பக்கத்தில் உட்கார்ந்து, "கண்ணு, பசையை வாயில் வைக்கலாமா?" என்றேன். அவள் விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். கொட்டாங்கச்சி ஆறிப்போயிற்று.

சமையல்கட்டிலிருந்து ஆயா எட்டிப் பார்த்தார். "இன்னா டீச்சர் இன்னிக்கி இவ்ளோ அமைதியா கீறீங்க? ஒடம்பு சரியில்லியா? ஜல்தி திட்டுங்க, புள்ள பட்டினியா கெடக்குது."

வாழ்க்கையில் முதல்முறையாக என் கோபத்துக்கு ஒரு மரியாதை கிடைத்தது.

நாலைந்து நாள் கழித்து ஒரு மத்தியானம். நான் குரல் உச்சத்தில், "எத்தினி தபா சொல்றது? துன்னாதன்னா துன்னாத! வாயில வச்ச, பிச்சிடுவேன்!" என்று முழங்கிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் தெரிந்தது. மல்லாட்டைக் கொல்லையிலிருந்து மண் கையோடு அவளுடைய அம்மா. சின்னதுக்குப் பால் கொடுக்க வீட்டுக்கு வந்தவள், அப்படியே எட்டிப் பார்க்க வந்திருக்கிறாள். இடுப்பில் அது தூங்கிக்கொண்டிருந்தது.

"துன்னாத புள்ளய துன்னாதன்னு திட்றீங்களே டீச்சர்" என்றாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. நான் கொட்டாங்கச்சியைக் காட்டினேன், காகிதத்தைக் காட்டினேன். எங்கே ஆரம்பிப்பது?

ஆயாதான் ஓடிவந்து அவளை வெளியே இழுத்துப்போய், சன்னலுக்குப் பின்னால் நிறுத்தி, வாயில் விரலை வைத்துக் காட்டினார். நான் திரும்பிப் பிள்ளையிடம் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்குத் திட்டினது போல நான் யாரையும் திட்டியதில்லை. சன்னலில் அம்மா நின்றதால் குரல் இன்னும் கொடூரமாக வந்தது. குட்டி கொட்டாங்கச்சியைத் தூக்கிக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்ததை வழித்து, ஐந்து விரலையும் ஒவ்வொன்றாகச் சப்பினாள்.

சன்னலில் அவளுடைய அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது.

மறுநாள் அவள் ஒரு பையில் வறுத்து இடித்த மல்லாட்டைப் பொடி கொண்டுவந்தாள். "பசைல இத்தையும் போடுங்க டீச்சர். நல்லா ஒட்டும்" என்றாள், முகத்தில் சிரிப்பே இல்லாமல். எங்கள் மூன்று பேருக்கும் அப்போதுதான் ஒரு கூட்டு ஏற்பட்டது. வீட்டிலும் அவள் கேப்பைக் கூழைக் கொட்டாங்கச்சியில் ஊற்றி, பழைய பேப்பரைக் கிழித்துக் கொடுத்து, தன்னால் முடிந்த வரைக்கும் திட்டிப் பார்த்திருக்கிறாள். திட்டு சரியாக வராததால் என்னிடம் கேட்டுப் போனாள். "கண்ண நல்லா உருட்டணும்" என்று சொல்லிக்கொடுத்தேன். ஒரு சாயங்காலம் புருஷன் வேலை முடிந்து வந்தவன், வீடு முழுக்கப் பேப்பர் சங்கிலி தொங்குவதைப் பார்த்துவிட்டு, "நம்ம வூட்ல இன்னா விசேஷம்?" என்று கேட்டானாம்.

காகிதம் பேஜாராகிவிட்டது. ஒருத்திக்குக் கொடுத்தால் இருபத்திரண்டு பேருக்கும் கொடுக்க வேண்டும். கலர் தாள் ஒரே வாரத்தில் காலி. திண்டிவனத்தில் தெரிந்த கடைகளில் போன வருஷக் காலண்டர்களைக் கேட்டு வாங்கினேன். என் வீட்டுக்காரர் பரணில் சேர்த்து வைத்திருந்த கல்யாணப் பத்திரிகைகளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மஞ்சள் பத்திரிகை எல்லாம் அவளுக்கு. காலண்டர் தாளை முன்னும் பின்னும் மடித்து விசிறி செய்தோம். ஈர்க்குச்சியில் குத்திக் காற்றாடி செய்தோம். தேதி தெரிகிற மாதிரி கிரீடம் செய்து, ஒருத்தன் புதன்கிழமை ராஜாவானான், ஒருத்தி அமாவாசை ராணியானாள். என் தவளைகூட ஒரு நாள் தத்தியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். சங்கிலி அறையை விட்டு வெளியேறி, வேப்பமரத்தைச் சுற்றி, திரும்ப வந்து கிணற்றடி வரைக்கும் போயிற்று. எதிர்வீட்டு ஆடு அதில் ஒரு முழம் தின்றது. ஆட்டையும் சேர்த்துத் திட்டினேன்.

பங்குனியில் எடை பார்க்கிற நாள் வந்தது. அவளுடைய அம்மா காலையிலேயே வந்துவிட்டாள். தோளில் ஒரு துணிப்பை. இரண்டு புடவை, ஒரு தட்டு, டம்ளர், பிள்ளைக்கு மாற்றுத் துணி. விழுப்புரத்துக்கு. "கேக்காதீங்க டீச்சர். போவச் சொன்னா அப்பிடியே பஸ் ஏறிடணும். வூட்டுக்குப் போனா கால் வராது" என்றாள்.

குட்டியை மெஷின்மேல் நிறுத்தினேன். எண்கள் ஏறி இறங்கி ஆடின. "ஆடாத!" என்று கத்தினேன். அவள் ஆடவில்லை, என் கைதான் அவள் தோளில் ஆடிக்கொண்டிருந்தது. ஆயா என் கையை எடுத்துவிட்டார். எண் நின்றது. அட்டையை எடுத்து, அளவு வைத்து, புள்ளி வைத்தேன். நம்பாமல் மறுபடி நிறுத்தி, மறுபடி பார்த்தேன். கோட்டுக்கு ஒரு நூல் மேலே. மஞ்சள்.

பச்சை இல்லை, மஞ்சள்தான். ஆனால் விழுப்புரம் வேண்டாம். அவளுடைய அம்மா பையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். இருபத்திரண்டு பிள்ளைகளும் சத்தமே இல்லாமல் எங்களைப் பார்த்தார்கள், டீச்சருக்கு இன்னும் கோபம் வரவில்லையே என்று.

அந்த மூன்றரை வயதுப் பிள்ளையை நான் நன்றாக ஏமாற்றிவிட்டேன் என்று ரொம்ப நாள் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

சித்திரை கடைசியில் கண்டாச்சிபுரத்திலிருந்து வேலைக்கு வந்த ஒரு குடும்பத்தின் பெண் குழந்தை புதிதாகச் சேர்ந்தது. இரண்டரை வயது. மூன்று நாளாக அழுகை. எதையும் வாயில் வாங்கவில்லை. நாலாம் நாள் நான் வாசற்படியில் உட்கார்ந்து போனில் எடைக் கணக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். ஆயா சமையல்கட்டில். அறைக்குள்ளிருந்து என் குரல் கேட்டது.

"ஏய்! எத்தினி தபா சொல்றது? பசை அது! துன்னாத!"

நிமிர்ந்து பார்த்தேன். நம் மஞ்சள்காரி. தன் கொட்டாங்கச்சியை அந்தப் புதுக் குழந்தையின் மடிக்கு நகர்த்தி வைத்திருந்தாள். பக்கத்தில் நாலு பட்டை. தன்னுடைய மஞ்சள் பட்டைகள். இடுப்பில் ஒரு கை, இன்னொரு கையின் விரல் காற்றில் ஆடுகிறது, கண் உருளுகிறது. "வாயில வச்ச, பிச்சிடுவேன்!"

புதுக் குழந்தை அழுகையை நிறுத்தி அவளைப் பார்த்தது. விரலைக் கொட்டாங்கச்சியில் விட்டது. வாயில் வைத்தது.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கண்ணடிக்கத்தான் பார்த்தாள். ஒரு கண்ணை மட்டும் மூட அவளுக்கு இன்னும் வரவில்லை. இரண்டையும் இறுக்கி மூடித் திறந்தாள்.

எத்தனை நாளாகத் தெரியும் என்று நான் அவளிடம் கேட்கவில்லை. எழுந்து போய், அவளுக்கு இன்னொரு கொட்டாங்கச்சி கொண்டுவந்து வைத்தேன். பிறகு இடுப்பில் கை வைத்து, இரண்டு பேரையும் சேர்த்துத் திட்ட ஆரம்பித்தேன்.